கேஸ்தாண்ணே

கண்டக்டர்: ...அதுக்குன்னு சாக்ஸை மாத்திப் போட்டுக்கிட்டா வருவாங்க?

டிரைவர்: எது?

கண்டக்டர்: குனிஞ்சு பாருங்க. ஒரு கால்ல கறுப்பு, ஒரு கால்ல ஊதா.

டிரைவர்: அடச்சே... காலையில பதட்டத்துல எது கைக்குக் கிடைச்சுதோ அதை மாட்டிட்டேன். அந்த சிஸ்டர் பாத்திருக்குமா?

கண்டக்டர்: பாக்காமயா சிரிச்சாங்க? நெஞ்சு பூரா ஒயரு, கால்ல ரெண்டு கலரு, அந்த டிரெட்மில் பெல்ட்டு மேல நீங்க தொங்கு தொங்குன்னு ஓடினதைக் கதவு இடுக்குல நான் பாத்தேனே...

டிரைவர்: சிரிடா, சிரி. காலமெல்லாம் பஸ்ஸை ஓட்டினவனைப் பிடிச்சு ஓடுன்னா எப்படி இருக்கும்? அதுவும் அவ்வளவு ஓடியும் எங்கயாவது போய்ச் சேந்தேனா? ஏறின இடத்துலயே இறங்கறேன். இந்த மாதிரி ஒரு ரூட்டு நம்ம டெப்போலயே கிடையாது.

கண்டக்டர்: நல்லாத்தாண்ணே ஓடினீங்க. நடுவுல நிறுத்தச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லவே இல்லையே.

டிரைவர்: உனக்கு எப்படி இருந்துச்சு?

கண்டக்டர்: எனக்கென்ன? நீங்க தனியா ஓட பயமா இருக்குன்னு அடம் பிடிச்சீங்க, நானும் துணைக்கு ஓடினேன். டிக்கெட் வாங்காம ஏறின மாதிரி.

டிரைவர்: மூச்சு?

கண்டக்டர்: வந்துச்சு, போச்சு.

டிரைவர்: நெஞ்சு?

கண்டக்டர்: இருக்கு. என்னை விடுங்க. இன்னைக்கு யாருக்குப் பரிட்சை? உங்களுக்கா எனக்கா?

டிரைவர்: எனக்குத்தான். உள்ள டாக்டரம்மா பாத்துக்கிட்டிருக்காங்க. சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா நாளைக்கே ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு, டெப்போ மூலையில பழைய டயருக்குக் காவல் உக்கார வெச்சிடுவாங்க.

கண்டக்டர்: வாயைக் கழுவுங்க. உங்களை எறக்கினா நானும் எறங்கிடுவேன். வேற யாரோட போறது? அந்த சடன்பிரேக்கோடயா?

டிரைவர்: ஏன், அவன் நல்ல டிரைவர்தானே...

கண்டக்டர்: நல்ல டிரைவரா? அவன் பிரேக் போட்டா பின்சீட்டுல உக்காந்த பாசஞ்சர் முன்வாசல் வழியா இறங்கறாரு. நமக்குள்ள அப்படியா? நான் விசிலை வாய்ல வெக்கறதுக்குள்ள உங்க கால் பிரேக்குக்குப் போயிடும். நம்ம ஜோடியைப் பிரிச்சாங்கன்னா ரெண்டு பேரும் வீட்டுலயே உக்காந்துட வேண்டியதுதான்.

டிரைவர்: அதுக்குத்தாண்டா எனக்கும் உதறுது.

கண்டக்டர்: உதறாதீங்க. எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. போன வருஷம் இருந்த ஆளா நீங்க? அன்னைக்கு இருந்த ஆளை இந்த பெல்ட்டு மேல ஏத்தியிருந்தா பெல்ட்டே அறுந்திருக்கும்.

டிரைவர்: ரொம்பப் பண்ணாத.

கண்டக்டர்: மறந்துட்டீங்களா? மார்க்கெட் ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டு நெஞ்சைப் பிடிச்சீங்களே... ‘எரியுதுடா தம்பி, உள்ள அடுப்பு வெச்ச மாதிரி எரியுது’ன்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

டிரைவர்: ம்...

கண்டக்டர்: பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் அந்த நிமிஷமே டாக்டர் ஆயிட்டாங்க. ஒருத்தர் சோடா குடுங்கன்னாரு. ஒருத்தர் வெந்நீர்னாரு. எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தைதான்... ‘கேஸ்!’

டிரைவர்: ஒரு பெரியம்மா ஏப்பம் வரட்டும்னு முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சாங்களே. எரிச்சல் போயிடுச்சு. அந்த அடி இன்னும் வலிக்குது.

கண்டக்டர்: உங்களை இழுத்துக்கிட்டு இங்க வந்தா, நானும் உளறிட்டேன். ‘கேஸுதாங்க டாக்டர்’னு. அந்தம்மா ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க...

டிரைவர்: ‘கேஸுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? வயிறுன்னு ஒரு போர்டு, இதயம்னு ஒரு போர்டுன்னு உள்ள எழுதியா மாட்டியிருக்கு?’ன்னாங்க.

கண்டக்டர்: ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, எந்த வீட்டுல புகையுதுன்னு தெருவுல நிக்கறவனுக்குத் தெரியாதுன்னாங்க. எரிச்சலோட வேர்வை, மூச்சு முட்டல், கை கடுப்பு, தாடை வலி எது சேந்தாலும் சோடாக்கடையைத் தேடாம நேரா ஓடி வாங்கன்னு சொன்னாங்களே, அது என் மண்டையில அப்படியே ஏறிடுச்சு.

டிரைவர்: ஏறிடுச்சா? உண்மையாவா?

கண்டக்டர்: ஏன் அப்படிக் கேக்கறீங்க?

டிரைவர்: சும்மா கேட்டேன். நீ சொல்லு.

கண்டக்டர்: உங்களுக்கு அன்னைக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. வயித்துல இருக்கற புளிப்பு மேல ஏறுதுன்னாங்க. ஆனா இந்த சிகரெட்டு, இந்தத் தொப்பை, ராத்திரி வயிறு முட்ட அடைச்சிட்டு உடனே படுக்கறது... இதெல்லாம் இன்னைக்கு வயித்தை எரிக்கும், நாளைக்கு இதயத்துல கை வெக்கும்னாங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த மனுஷன் வாசல் தாண்டறதுக்குள்ள எல்லாத்தையும் மறந்துடுவாருன்னு.

டிரைவர்: மறக்கலையே.

கண்டக்டர்: அதான் ஆச்சரியம்! அன்னைக்கு ராத்திரியே கட்டிலோட தலைமாட்டை ஒசத்தினீங்க. எதை வெச்சு? பஸ் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கற கட்டையை வெச்சு!

டிரைவர்: வீட்டுல செங்கல் இல்லடா. டாக்டரம்மா கட்டிலைத்தான் ஒசத்தணும், தலகாணியை அடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

கண்டக்டர்: மறுநாள் மேட்டுல வண்டியை நிறுத்திட்டு முட்டுக்கட்டையைத் தேடறேன், தேடறேன்... காணோம். கடைசில அது உங்க பெட்ரூம்ல இருக்கு. அண்ணி போன் பண்ணி, ‘உங்க அண்ணன் என்னை ராத்திரி பூரா சரிவுல பார்க்கிங் பண்ணி வெச்சிருக்காரு, சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கே வந்துட்டேன்’னு ஒரே புலம்பல்.

டிரைவர்: இப்ப அவளுக்கும் பழகிடுச்சு. டாக்டரம்மா சொன்ன மாதிரி ரெண்டு பேரும் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் படுக்கறோம்.

கண்டக்டர்: அப்புறம் கேன்டீன்ல அந்தப் பொரிச்ச கிழங்கு...

டிரைவர்: அதைச் சொல்லாத. மானம் போச்சு அன்னைக்கு.

கண்டக்டர்: நீங்க ரெண்டாவது தட்டுக்குக் கையை நீட்டினீங்க. பழக்க தோஷம், விசிலை ஊதிட்டேன். உங்க கை நின்னுச்சு, சரி. பரிமாறுறவரும் நின்னுட்டாரு. வெளிய ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்த சடன்பிரேக்கும் சடக்குன்னு நிறுத்திட்டான்!

டிரைவர்: அன்னையிலேர்ந்து கேன்டீன்ல என்னைப் பாத்தா கிழங்குத் தட்டையே மறைச்சு வெக்கறாங்கடா.

கண்டக்டர்: சிரிப்பை விடுங்கண்ணே. நான் நெஜமாவே சொல்றேன், நீங்க சிகரெட்டை விட்டீங்க பாருங்க, அதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். கடைசி ஸ்டாப்பு வந்தா, இன்ஜின் அணையும், உங்க நெருப்புக் குச்சி எரியும். எத்தனை வருஷப் பழக்கம்! அதை விட்டுட்டு வண்டியைச் சுத்தி நடந்து டயரைத் தட்டிப் பாக்க ஆரம்பிச்சீங்க.

டிரைவர்: கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும்ல? இல்லன்னா அது பாட்டுக்கு சட்டைப் பைக்குப் போயிடுது.

கண்டக்டர்: பாசஞ்சருங்க பயந்துட்டாங்க. ‘என்னங்க, இந்த டிரைவர் நிறுத்தற இடத்துலல்லாம் டயரைத் தட்டறாரு, கழண்டுடுமா?’ன்னு என்கிட்ட கேக்கறாங்க. ‘டயருக்கு ஒண்ணும் இல்லம்மா, டிரைவருக்குத்தான் ரிப்பேரு’ன்னேன்.

டிரைவர்: அடப்பாவி...

கண்டக்டர்: மொத வாரம் நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். கை நடுங்குச்சு. எரிஞ்சு எரிஞ்சு விழுந்தீங்க. டீக்கடைக்காரர் நல்லாயிருக்கீங்களான்னு கேட்டதுக்கு அவரைக் கடிச்சுக் குதறப் போனீங்க. ஆனா ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கூட யார்கிட்டயும் ஒண்ணு குடுன்னு கையேந்தல. எனக்கு அன்னைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உங்ககிட்ட சொல்லல.

டிரைவர்: அழாதடா, ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு. பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க.

கண்டக்டர்: யாரு அழறா? அந்த வாய் இருக்கே, அதை நீங்க அடக்கினீங்க பாருங்க, அது இன்னும் பெரிய விஷயம். முன்னாடியெல்லாம் குறுக்க ஒருத்தன் வந்தா அவன் பரம்பரையையே ரோட்டுக்கு இழுப்பீங்க. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சுக்கும். இப்ப? மூச்சை இழுத்து விட்டுட்டு, ‘போப்பா ராசா, போ’ன்னு வழி விடறீங்க.

டிரைவர்: அவனைத் திட்டினா அவனுக்கா பிரஷர் ஏறுது? எனக்குத்தானே ஏறுது.

கண்டக்டர்: நம்ம பஸ்ஸுல தெனம் வர்ற டீச்சரம்மா, ‘டிரைவர் ஏதாவது சாமியார்கிட்ட போறாரா?’ன்னு கேட்டாங்க.

டிரைவர்: ஹா ஹா... நீ என்ன சொன்னே?

கண்டக்டர்: சாமியார்கிட்ட போகல, சீக்கிரம் சாப்பிடறாருன்னேன். நெசந்தானே? சாயங்கால ட்ரிப்புக்கு முன்னாடியே டப்பாவைத் திறந்து அரை வயித்துக்குச் சாப்பிட்டுடறோம். முன்னெல்லாம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய், அண்டா மாதிரி போட்டுக்கிட்டு, தட்டு காயறதுக்குள்ள குறட்டை. இப்ப வீட்டுக்குப் போனா சாப்பாடு கிடையாது, பேச்சுதான். என் வீட்டுக்காரி சொல்றா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாங்க இவ்வளவு பேசினதே இல்லையாம்.

டிரைவர்: நல்லதுதானே?

கண்டக்டர்: நல்லதான்னு போகப் போகத்தான் தெரியும்.

டிரைவர்: டேய், எல்லாத்தையும் நான்தான் பண்ணின மாதிரியே சொல்றியே. என்கூட சேர்ந்து நீயும்தானே பண்ணினே? நான் உப்பைக் குறைச்சா நீயும் குறைச்சே. வெறும் வயித்துல டீ குடிக்கறதை நான் விட்டா நீயும் விட்டே. டெப்போலேர்ந்து வீட்டுக்கு நான் நடந்தா, நீயும் உன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்தே. ஏறி மிதிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?

கண்டக்டர்: நீங்க நடக்க, நான் சவாரி பண்ணினா நல்லாவா இருக்கும்? நீங்க வெறும் வாயை மெல்ல, எதிர்ல உக்காந்து நான் பொரிச்சதைத் தின்னா எனக்கு எறங்குமா? எல்லாம் உங்களுக்காகத்தான்.

டிரைவர்: எனக்காக.

கண்டக்டர்: பின்ன? எனக்கு என்ன கேடு?

டிரைவர்: ...ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன கேடு.

கண்டக்டர்: என்ன ஒரு மாதிரி இழுக்கறீங்க?

டிரைவர்: இரு இரு, சிஸ்டர் வருது. சாக்ஸை மறைச்சுக்கறேன்.

நர்ஸ்: ரெண்டு பேர்ல யாருங்க மொதல்ல ரிசல்ட் கேக்கறது?

டிரைவர்: இவன்.

கண்டக்டர்: இவரு.

நர்ஸ்: என்னங்க இது, ஆளுக்கு ஒருத்தரைக் கை காட்டறீங்க?

கண்டக்டர்: அண்ணே, என்ன விளையாட்டு? இவருதாங்க சிஸ்டர். டிரைவர். நான் துணைக்கு வந்தவன்.

நர்ஸ்: சரி, டிரைவரைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். நல்லா இருக்கு. தாராளமா வண்டி ஓட்டலாம். போன வருஷத்துக்கு இப்ப பிரஷரும் இறங்கியிருக்கு, எடையும் இறங்கியிருக்கு. இப்படியே இருங்கன்னு டாக்டர் சொன்னாங்க.

கண்டக்டர்: ஐயோ... சிஸ்டர், நீங்க நல்லா இருப்பீங்க! அண்ணே, கேட்டீங்களா? ஓட்டலாமாம்! என்னண்ணே, மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? சந்தோஷப்பட மாட்டீங்களா?

டிரைவர்: இவனோடது?

நர்ஸ்: அதை டாக்டர் இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க. போன தடவை எடுத்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்கணுமாம். கண்டக்டர், மாத்திரையெல்லாம் விடாம போட்டுக்கறீங்கல்ல?

கண்டக்டர்: சிஸ்டர்... அது... அப்புறமா நான் தனியா...

நர்ஸ்: ஐயோ, நான் அவருக்கும் தெரியும்னு நெனச்சு...

டிரைவர்: எனக்குத் தெரியும்மா. நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. போய்ப் பாத்துட்டு வாங்க.

நர்ஸ்: இதோ வந்துடறேன்.

கண்டக்டர்: ...என்ன தெரியும் உங்களுக்கு?

டிரைவர்: சில்லறைப் பைக்கு அடியில மாத்திரை டப்பா வெச்சிருக்கறது தெரியும். சில்லறை குலுங்கற சத்தத்துக்கும் மாத்திரை குலுங்கற சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? என் முதுகுக்குப் பின்னாடிதானேடா நிக்கறே.

கண்டக்டர்: எப்பலேர்ந்து?

டிரைவர்: போன வருஷம் இங்க வர்றதுக்கு முன்னாடியே. தலைக்கு மேல அந்தக் கண்ணாடி எதுக்கு இருக்குன்னு நெனச்சே? அந்த வாரம் பூரா பாத்தேன். பின்படிக்கட்டுலேர்ந்து முன்னாடி வர்றதுக்குள்ள கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. நெஞ்சைத் தேய்க்கறே. வெளிய மழை கொட்டுது, உனக்கு நெத்தியெல்லாம் வேர்வை. என்னடான்னு கேட்டா, ‘கேஸ்தாண்ணே.’ டாக்டரைப் பாக்கலாமான்னா, ‘கேஸ்தாண்ணே.’

கண்டக்டர்: அண்ணே...

டிரைவர்: கையைப் பிடிச்சு இழுத்தாலும் உனக்காக நீ வரமாட்டே. எனக்குன்னா ஓடி வருவே. அதான்...

கண்டக்டர்: அதான்?

டிரைவர்: எனக்கு எரிச்சல் இருந்தது நெசம். சீட்டுலயே உக்காந்து கெடக்கறவன் யாருக்குத்தான் இல்ல? ஆனா அன்னைக்கு அடுப்பெல்லாம் எரியல. கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். இங்க வந்ததும், இவனையும் பாத்தாத்தான் நான் சட்டையைக் கழட்டுவேன்னு டாக்டரம்மாகிட்ட அடம் பிடிச்சேன். அவங்க உன்னை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டு, பெல்ட்டு மேல ஓட விட்டுப் பாத்துட்டுப் பேசினாங்க. வெளிய வந்து நீ என்ன சொன்னே?

கண்டக்டர்: ...எனக்கு ஒண்ணும் இல்லன்னேன்.

டிரைவர்: மூஞ்சி வெளுத்துப் போய், எனக்கு ஒண்ணும் இல்லன்னே. ஏண்டா மறைச்சே?

கண்டக்டர்: ரத்தக் குழாய்ல அடைக்க ஆரம்பிச்சிருக்கு, மாத்திரையும் பழக்கமும் ஒழுங்கா இருந்தா சமாளிக்கலாம்னாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க ரோட்டைப் பாக்காம கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு ஓட்டுவீங்கன்னு பயந்தேன்.

டிரைவர்: அப்படித்தானேடா ஓட்டினேன்! உனக்கு ஒரு நாள் மூச்சு வாங்கினா, அடுத்த ஸ்டாப்புல கொஞ்ச நேரம் கூட நிறுத்துவேன். நீ நடக்கணும்னுதான் நான் நடந்தேன். உனக்கு உப்பு ஆகாதுன்னுதான் உங்க அண்ணி கையைப் பிடிச்சு என் சோத்துலயும் உப்பைக் குறைக்கச் சொன்னேன். இன்னைக்கு எனக்கு எதுக்குடா பயம்? உன்னை அந்த பெல்ட்டு மேல ஏத்தறதுக்குத்தான் அப்படி ஒரு நடுக்கம் நடுங்கினேன்... இப்ப நெசமாவே பயமா இருக்கு. என் கையைப் பிடிச்சுக்கடா.

கண்டக்டர்: அண்ணே, சும்மா இருங்க. எனக்கும் பயமாயிடும்.

டிரைவர்: கதவைத் திறக்கறாங்க.

நர்ஸ்: என்ன ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? உக்காருங்க. கண்டக்டர், டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். போன வருஷம் கொஞ்ச தூரத்துலயே உங்களுக்கு நெஞ்சு இறுக்கிச்சு, நிறுத்தினோம். இன்னைக்கு முழுசா ஓடியிருக்கீங்க, இறுக்கமே இல்ல. மாத்திரையை நிறுத்தக் கூடாது, பழக்கத்தை விடக் கூடாது, எப்ப நெஞ்சுல ஒரு மாதிரி இருந்தாலும் அந்த நிமிஷமே வரணும். வேலைக்குப் போகலாம். உங்க வீட்டுல யாரோ ரொம்பப் பொறுப்பா பாத்துக்கறாங்கன்னு டாக்டர் சொன்னாங்க.

டிரைவர்: அவன் பொண்டாட்டி தங்கமான பொண்ணும்மா...

நர்ஸ்: நீங்க ஏன் சார் அழறீங்க?

டிரைவர்: கண்ணுல தூசி. நீங்க போங்கம்மா, நாங்க இதோ உள்ள வந்து டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பறோம்... டேய் தம்பி. கோவிச்சுக்காதடா. வருஷம் பூரா உன்னை ஏமாத்திட்டேன். வேற வழி தெரியல எனக்கு.

கண்டக்டர்: நீங்க எங்க ஏமாத்தினீங்க? அன்னைக்கு இந்த ஆஸ்பத்திரி மாடிப்படியில பாதியில நான் மூச்சு வாங்கி நின்னேன். நெஞ்சு எரியுதுன்னு வந்த மனுஷன், நெஞ்சை விட்டுட்டு என் முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்னீங்க. நான் மறுபடி ஏறினப்புறம்தான் ஞாபகம் வந்து நெஞ்சைப் பிடிச்சீங்க, அதுவும் தப்பான பக்கம். அப்பவே எல்லாம் புரிஞ்சுபோச்சுண்ணே. கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு... அதுக்குள்ள நீங்க டாக்டரம்மா முன்னாடி வீராப்பா சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில போட்டுட்டீங்க. உங்க நடிப்பு எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாசல்லயே இன்னொண்ணு பத்த வெச்சிருப்பீங்க. என் நெஞ்சுக்காகன்னா நான் ஒரு வாய் கூடக் குறைச்சிருக்க மாட்டேண்ணே... உங்க நெஞ்சுக்காகத்தான் வருஷம் பூரா வாயையே திறக்கல.